ஜெமினிட் இரவுகள்

டிசம்பர் 12, 2023

இன்று அமாவாசை என்பதால் இவ்வாண்டு ஜெமினிட் எரிகல் பொழிவைக் காண நிலவொளி தடையாக இராது. எரிகல்லைக் கண்டு 'நட்சத்திரம் விழுகிறது' என்பார்கள்; ஆனால் வானிலிருந்து நட்சத்திரம் எதுவும் விழுவதில்லை. விழுபவை பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள துகள்கள். பிற பொழிவுகளில் பெரும்பாலானவை வால்மீன்கள் விட்டுச்சென்ற தூசியால் உண்டாகின்றன. ஜெமினிட் துகள்களுக்கோ மூலம் ஃபேத்தான் என்னும் சிறுகோள். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோளின் வழியே கண்டறியப்பட்ட அது, புதனின் பாதைக்கும் உட்புறமாகச் சூரியனை நெருங்கி, ஏறத்தாழ 1.4 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது.

டிசம்பர் 14, மாலை

இன்றிரவுதான் உச்சம். துகள்கள் யாவும் இணையான பாதைகளில் வந்தாலும், தொலைவில் தண்டவாளங்கள் கூடுவதுபோல, மிதுன ராசியில் புனர்பூசத்தின் கேஸ்டர் விண்மீனருகே ஒரே புள்ளியிலிருந்து அவை பிரிவதாகத் தோன்றும். அப்புள்ளி இரவு இரண்டு மணியளவில் நம் உச்சிக்குச் சற்று வடக்கே வந்துவிடும். ஆனால் அங்கேயே கண் பதித்திருப்பது வீண். அதற்கருகில் தோன்றும் கோடுகள் குறுகியவை, விலகியவையே நீண்டவை.

டிசம்பர் 15, விடியற்காலை

மேகம் விலகிய இடைவெளிகளில் நிதானமாகச் செல்லும் வெண்கோடுகளும், பச்சை சாயல் கொண்ட சிலவும் தெரிந்தன. ஜெமினிட் துகள்கள் நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகின்றன; பூமிக்கு எதிர்த்திசையில் வரும் லியோனிட் என்னும் மற்றொரு பொழிவின் துகள்களுடைய வேகமோ 71 கிலோமீட்டர் என்பதால் அவை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். இந்த வெளிச்சத்துக்கு உராய்வே காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் மூலக்கூறுகள் துகளின்மீது பெருவேகத்தில் மோதி அதன் அணுக்களைப் பெயர்த்தெடுக்க, அந்த அணுக்களும் சுற்றியுள்ள காற்றும் கிளர்ச்சியுற்று ஒளிர்கின்றன. மக்னீசியம் பச்சையாகவும் சோடியம் மஞ்சளாகவும் ஒளிரும். ஃபேத்தானின் பாதை சூரியனுக்கு மிக அருகில் செல்வதால் ஜெமினிட் துகள்கள் பலவற்றில் சோடியம் குறைந்தே காணப்படுகிறது.

டிசம்பர் 16

இவை தரையில் விழாவா என்று வீட்டில் கேட்டார்கள். இத்தனை சிறிய துகள்கள் மேலேயே ஆவியாகிவிடுகின்றன. தரையை எட்டுவதற்குப் பெரிய கல் வேண்டும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலப் பாறையொன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. ஒளியைக் கண்டு சன்னலருகே வந்து நின்றவர்கள்மீது, ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை உடைத்துத் தள்ளியது. காயமுற்ற சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர் கண்ணாடிச் சில்லுகளால் வெட்டுப்பட்டவர்களே.