போட்டோகிராபி கோர்ஸ் பைனல் புரொஜெக்ட்: வவுனியாவில இடம் தேடின கதை

எங்களுக்குக் குடுத்த தலைப்பு "ஒரு பழைய சந்தை ஊரும் சுத்துவட்டாரமும்". 12 படம், ஒவ்வொண்டுக்கும் ஏன் அந்த இடம், ஏன் அந்த நேரம் எண்டு ஒரு குறிப்பு, கடைசியில நேர்முகக் கேள்வி. அடுத்த பட்ச் தம்பி தங்கச்சிமார் கனபேர் கேக்கினம், அதான் எழுதுறன்.

முதல் ரிவியூவில நல்லா வாங்கிக் கட்டினன். ஒரே நாள்ல பைக்கில சுத்தி கச்சேரியடி (மாவட்டச் செயலகத்தடி) வன்னியை ஆண்ட மன்னன் பண்டாரவன்னியன்ர சிலை, மணிக்கூட்டுக் கோபுரம், கந்தசாமி கோயில், ஸ்டேஷன் எல்லாத்தையும் பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் இடையில அடிச்சுத் தள்ளிப்போட்டுப் போனா, சேர் "நிழல் எங்கயடா விழுந்திருக்கு" எண்டு மட்டும்தான் கேட்டார். பாத்தா எல்லாம் காலடியில. எங்கட வெயில் உச்சிக்கு வந்தா ஆக்களின்ர கண்குழி கறுத்துப்போம், வெள்ளைச் சுவர் பொங்கிப்போம், பிறகு எடிட்டிங்கில இழுத்தாலும் வராது.

அதுக்குப் பிறகு நாலே நாலு இடம் எடுத்து ஒவ்வொண்டுக்கும் மூண்டு தரம் போனன். முதல் தரம் கமராவைத் தொடவே இல்லை, வெயில் எந்தப் பக்கத்தால வருது, லொறி எங்க நிக்குது, எங்க நிண்டா ஆக்களுக்கு இடைஞ்சல் இல்லை எண்டு கொப்பியில எழுதினன். விசர் வேலை மாதிரி இருக்கும், ஆனா அந்தக் கொப்பிதான் பிறகு குறிப்பு எழுத உதவினது.

சந்தைக்கு எண்டா அஞ்சரைக்கு நிக்கோணும். வாழைக்குலை இறக்கிற நேரம் டியூப் லைட்டின்ர பச்சையும் விடியிற நீலமும் ஒண்டாக் கலக்கும், ரோவில (RAW, கமரா பதிஞ்சதை அப்பிடியே வச்சிருக்கிற ஃபைல்) எடுங்கோ, இல்லாட்டி நிறம் திருத்தேலாமக் கிடந்து மாய்வியள். நான் 50 எம்எம் லென்ஸ், எஃப் 2 (லென்ஸ் வாய் நல்லாத் திறந்தபடி), ஐஎஸ்ஓ 1600 (வெளிச்சம் குறைஞ்ச இடத்துக்குக் கூட்டின உணர்திறன்) வச்சு எடுத்தனான். வெத்திலை விக்கிற அம்மா ஒராளிட்டக் கேட்டன், "முகம் வேண்டாம் மோனை, வேணுமெண்டா கையை எடு" எண்டா. தண்ணி தெளிச்ச வெத்திலை, சுண்ணாம்பு காஞ்சு வெடிச்ச விரல், பக்கத்தில சில்லறை. அந்தப் படம்தான் என்னைக் கரை சேர்த்தது.

வெளியில போறதெண்டா குளங்கள்தான். மார்கழி, தையில குளம் நிரம்பி வான் பாயேக்க ஒரு படம், ஆவணியில அடி வெடிச்சுக் கிடக்கேக்க அதே இடத்தில ஒரு படம், ரெண்டையும் பக்கத்தில வச்சா வேற விளக்கம் தேவையில்லை. மேப்பைப் பாத்துப் போடுங்கோ, எங்கட பெடியன் ஒருத்தன் டவுன் குளமெண்டு நினைச்சு வவுனிக்குளத்தைப் போட்டு மாங்குளம் தாண்டி மேற்கால ஓடிப்போய் முல்லைத்தீவு மாவட்டத்தில நிண்டு கோல் எடுத்தான். வரலாறு வேணுமெண்டா ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடு, 1803 ஒக்டோபர் 31 வெள்ளைக்காரப் படை பண்டாரவன்னியனைத் தோற்கடிச்ச இடம். பறவை எண்டா மாரியில மன்னார் வங்காலைப் பக்கம், பெரிய லென்ஸ் இல்லாட்டி அந்த ஆசையை விடுங்கோ.

மண்டையோடு போட்ட சிவப்புப் போர்ட் கண்டா, படம் எவ்வளவு வடிவா வரும் எண்டாலும் ஒரு அடி உள்ளுக்க வைக்காதேங்கோ, அது மிதிவெடி. ஆமிக் காம்ப் பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின்ர அனுமதி வேணும். பொழுதுபட்டாப் பிறகு குளக்கட்டில தனிய நிக்கிறதும் வேண்டாம், யானை வரும்.

கடைசி நேர்முகத்தில கேள்வி கேக்க வந்தவர் வெத்திலைப் படத்தை மட்டும் எடுத்து, மற்ற 11 படத்தையும் தள்ளி வச்சிட்டு "ஏன் முகம் இல்லை" எண்டார். அந்த அம்மா சொன்னதை அப்பிடியே சொன்னன், சிரிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிறகு ஒரு பிரிண்ட் அடிச்சு அவவிட்டக் கொண்டுபோய்க் குடுத்தன். கன நேரம் பாத்திட்டு, "சில்லறை எல்லாம் தெரியுது, தராசை வெட்டிப்போட்டியே" எண்டா.