"இது என்ர போனோ, உங்கட போனோ?"

அந்த அக்கா கோபத்தில் கேட்கவில்லை. நான் திருத்திக் கொடுத்த போன் பிழைத்து, தர்மபுரத்திலிருந்து எங்கள் போன் கடைக்கு மூன்றாவது தடவையாகப் பஸ் ஏறி வந்த களைப்பில் கேட்டது. "தம்பி, இது என்ர போனோ, உங்கட போனோ?" அந்தக் கேள்வியை அவவின் வாயில் வைத்தவன் நான்தான். முதல் நாள், "காசு குடுத்து வாங்கினது நீங்கள். அப்ப இது உங்கட போன், கொம்பனியின்ர இல்லை" என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பெரிதாகச் சொல்லியிருந்தேன். சொன்னதில் இன்றைக்கும் எனக்குப் பிழை தெரியவில்லை. அதனால்தான் கேள்வி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

போன் ரெட்மி நோட் 4. 2017இல் வந்த, ஸ்நாப்டிராகன் 625 சிப் போட்ட மொடல்; போன் திருத்துபவர்களுக்கு 'மிடோ' என்றால் விளங்கும். 4100 எம்ஏஎச் பற்றறி. லேசில் சாகாத போன். ஆனால் கொம்பனி கொடுத்த மென்பொருள் அன்ட்ரொய்ட் 7உடன் நின்றுவிட்டது. வங்கிச் செயலி, இனி இந்தப் பதிப்புக்குப் புதுப்பிப்பு இல்லை என்று அறிவித்தல் காட்டத் தொடங்கியிருந்தது. அதற்காகத்தான் வந்தவ. செயலி அன்றைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

நான் சொன்ன வழி லினியேஜ் ஓஎஸ், அன்ட்ரொய்டை வைத்துத் தன்னார்வலர்கள் செய்கிற மென்பொருள். அதே மாதிரி முன்பிருந்த சயனோஜென்மொட் 2016 கடைசியில் நின்றபோது அதன் வேரிலிருந்து கிளம்பியது. கொம்பனி கைவிட்ட போனுக்கும் புது அன்ட்ரொய்டைக் கொண்டுவந்து தரும். ஆனால் அதை ஏற்ற முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். போனை ஓன் பண்ணியதும் முதலில் ஓடுவது அதுதான். பூட்டியிருக்கும் வரை கொம்பனியின் கையொப்பம் உள்ளதை மட்டுமே மேலே ஏற விடும்.

இந்த மாதிரிப் பழைய ரெட்மியில் திறப்பது பொறுமை கேட்கும் வேலை. ரெட்மி செய்கிற ஷாவோமி கொம்பனியில் திறந்த மி கணக்கைப் போனோடு இணைக்க வேண்டும், அதுவும் வைஃபையில் இல்லை, சிம் டேட்டாவில். பிறகு விண்டோஸ் கணினியில் திறக்கும் கருவியை ஓட்டினால், 168 மணித்தியாலம் கழித்து வா என்று சொல்லும். ஏழு நாள். அவசரப்பட்டுக் கணக்கைத் திரும்பவும் இணைத்தால் எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும். திறக்கிற அந்த நிமிடத்தில் போனில் உள்ள அத்தனையும் அழியும். ஆகவே அதற்கு முன் படங்கள் இருக்கிற டிசிஐஎம் கோப்புறை, வட்ஸ்அப் கோப்புறை முழுதாக, தொடர்பு எண்கள் விசிஎப் கோப்பாக எல்லாம் கணினிக்குப் போக வேண்டும். பலரும் மறப்பது பதிவுசெய்த அழைப்புகள். அவை ஷாவோமி மென்பொருளின் பெயரிலுள்ள மியுஐ கோப்புறைக்குள் சவுண்ட் ரெக்கோர்டர், அதற்குள் கோல் ரெக் என்று ஒளிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களின் குரலை வைத்திருக்கிற சனம் இங்கே அதிகம். அதை விடக்கூடாது.

ஒலி குறைக்கும் பொத்தானையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால், தொப்பி போட்ட முயல் அன்ட்ரொய்ட் பொம்மையைத் திருத்துகிற படம் வரும். அதுதான் பாஸ்ட்பூட், கணினியிலிருந்து போனுக்கு மென்பொருள் ஏற்றுகிற நிலை. அங்கிருந்து புது மென்பொருளை ஏற்ற உதவுகிற டீம் வின் ரிக்கவரியை ஏற்றியதும் சாதாரணமாக ரீஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஒலி கூட்டும் பொத்தானைப் பிடித்து நேரே ரிக்கவரிக்குள் போக வேண்டும். இல்லையென்றால் கொம்பனி தன் ரிக்கவரியை மேலே எழுதிவிடும். உள்ளே போனதும் முதல் வேலை இஎப்எஸ் பகுதியைப் பிரதி எடுப்பது. அது கெட்டால் போனின் அடையாள இலக்கமான ஐஎம்இஐ போய்விடும், சிம் போட்டாலும் சிக்னல் வராது. கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் புது மென்பொருள் முதல் தரம் ஓன் ஆக முன்னரே ஏற்ற வேண்டும். பிந்தினால் திரும்ப எல்லாவற்றையும் அழிக்க வேண்டி வரும். இவ்வளவும் சரியாக இருந்தும் எங்கள் பக்கத்துப் போன்கள் கவிழ்வது சார்ஜ் போடுகிற துளையில். புழுதி இறுகி, மைக்ரோ யூஎஸ்பி ஆடும். ஏறிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு விட்டுவிடும். பல்குத்தும் குச்சியால் மெல்லக் கிளறி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்த பிறகுதான் கேபிள் கொழுவ வேண்டும்.

எல்லாம் சரிவந்தது. வட்ஸ்அப், வைபர், படங்கள் எல்லாம் இருந்தன, போன் வேகமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய்த் திறந்தால் வங்கிச் செயலி மட்டும், சாதனம் பாதுகாப்பானதல்ல என்று சொல்லி மூடிக்கொண்டது. எதற்காக வந்தவவோ அது.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. செயலி கூகுளிடம் பிளே இன்டெக்ரிட்டி வழியாக இந்தப் போனை நம்பலாமா என்று கேட்கும். முன்பு அந்த வேலையைச் சேப்டிநெட் செய்தது. பூட்லோடர் திறந்திருந்தால், நம்பலாம் என்ற பதில் கிடைக்காது. அந்தப் பதிலை வைத்து என்ன செய்வதென்பது ஒவ்வொரு செயலியின் தீர்மானம். இதே மாதிரி ஏற்றிய இன்னொரு போனில் வேறொரு வங்கியின் செயலி சத்தம் போடாமல் ஓடியது. அந்தத் துணிவில்தான் இதைச் செய்தேன். "உங்கட வங்கி எது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் திறந்து பார்க்காமல் விடை தெரிந்திராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோபமும் உண்டு. வருடக்கணக்காகப் பாதுகாப்புத் திருத்தம் காணாத அன்ட்ரொய்ட் 7 போனை அந்தச் செயலி நம்பியது. அண்மைத் திருத்தங்களோடு நிற்கிற போனை நம்பவில்லை. அது பார்த்தது பாதுகாப்பை அல்ல, பூட்டு யார் கையில் என்பதை.

இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டு, போனைப் பழையபடி ஆக்கிக் கொடுத்திருக்க வேண்டும். நான் மஜிஸ்க் போட்டேன், போனின் மென்பொருளுக்குள் ஆழமாகக் கைவைக்க விடுகிற கருவி. அதோடு சேர்கிற ஒரு துணைநிரல், கூகுள் சான்று பெற்ற வேறு ஏதோ ஒரு போனின் அடையாளத்தை எடுத்து 'நான்தான் அது' என்று இந்தப் போனைச் சொல்ல வைக்கும். செயலி திறந்தது. சில கிழமைகளில் கூகுள் அந்த அடையாளத்தைத் தடைசெய்தது, செயலி திரும்ப மூடியது, அக்கா திரும்ப பஸ் ஏறினா. புது அடையாளம் போட்டுக் கொடுத்தேன். அதுவும் நிலைக்கவில்லை. மூன்றாம் முறை வந்தபோதுதான் அந்தக் கேள்வி. சுதந்திர மென்பொருள் என்று பேசியவன், பொய் அடையாள அட்டை தயாரிக்கிறவனாக மேசைக்குப் பின்னால் இருந்தேன்.

சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், முழுதும் சுதந்திரமான ஒரு இயங்குதளத்தைச் செய்ய 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். பின்பு அவர் வகுத்த நான்கு சுதந்திரங்கள் எங்களுக்குப் பாடம்: ஓட்டலாம், படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். அன்ட்ரொய்டின் அடியில் இருப்பது லினக்ஸின் கேர்னல், அதாவது உட்கரு; அது ஜிபிஎல் என்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. அதனால் கொம்பனி மூலநிரலைத் தரவேண்டும். ஆனால் நீங்கள் மாற்றியதை அதே போனில் ஓட விடவேண்டும் என்று அந்தப் பதிப்பு வெளிப்படையாகச் சொல்வதில்லை. அந்த ஓட்டையை அடைக்க 2007இல் மூன்றாம் பதிப்பு வந்தது. கேர்னல் அதற்கு மாறவில்லை. இதெல்லாம் நியாயமான வழக்கு. ஆனால் அந்த மேசையில் நான்கு சுதந்திரத்தில் 'படித்து மாற்றுவது' யாருக்குக் கிடைத்தது? எனக்கு. அவவுக்குக் கிடைத்தது, பெய்ஜிங்கில் இருக்கிற கொம்பனிக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை பூட்டுகிற ஒரு கடை.

விருப்பம் இல்லாதவன் பூட்டில்லாத போனை வாங்கட்டுமே என்று ஒரு நியாயம் சொல்வார்கள். சொல்பவர்கள் கிளிநொச்சியில் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் ஒருக்கால் நின்று பார்க்க வேண்டும். பெட்டியில் ராம், கமரா, பற்றறி எல்லாம் அச்சடித்திருக்கும். பூட்லோடர் திறக்குமா என்று எந்தப் பெட்டியிலும் இல்லை. ஹுவாவே திறப்புக் குறியீடு கொடுப்பதை 2018இல் நிறுத்தியது. அது கடைக்கு வந்த எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. திறக்க விடுகிற சாம்சங்கில் திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால், அதைக் காட்டிக்கொடுக்க உள்ளே வைத்திருக்கிற நொக்ஸ் பியூஸ் எரியும், பிறகு பூட்டினாலும் இரகசியக் கோப்புகளைப் பூட்டிவைக்கிற செக்கியூர் போல்டர் திரும்ப வராது. லேசாகத் திறக்கிற கூகுளின் பிக்சல், கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாரும் கொண்டுவந்தால்தான் உண்டு. அதிலும் அமெரிக்கத் தொலைபேசிக் கொம்பனி வெரைசன் விற்றது என்றால் திறக்காது. உறவுகள் அனுப்புகிற ஐபோன் வேறு கதை. ஐகிளவுட்டிலிருந்து வெளியேறாமல் அனுப்பிவிடுவார்கள், இங்கே அது கல். அனுப்பியவர் தன் கணக்குக்குள் போய் அந்தச் சாதனத்தை நீக்கினால் அங்கிருந்தே விடுவிக்கலாம், இதற்குக் கடைக்கே வரத் தேவையில்லை. இதே பூட்டு, களவுபோன போனைக் களவெடுத்தவனுக்குப் பிரயோசனம் இல்லாமல் செய்கிறது என்பதும் உண்மை. பூட்டைத் திட்டும்போது அதை நான் வசதியாக மறந்துவிடுவேன்.

அக்கா கேட்டபடி பழைய மென்பொருளுக்கே திருப்பினேன். அதே பிராந்தியத்துக்குரிய பாஸ்ட்பூட் பொதியா என்று இரண்டு தரம் பார்த்த பிறகுதான் 'எல்லாம் அழித்துப் பூட்டு' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். பிராந்தியம் மாறினால், பூட்டியதும் போன் ஓன் ஆகாமல் நின்றுவிடலாம். இதற்குக் காசு வாங்கவில்லை. முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஏழு நாள் வேலை அல்லவா என்று அப்போது நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, புதுப் போன் வாங்க எங்களிடமே வந்தா. ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, "தம்பி, இது திறக்குமோ?" என்றா. மொடல் இலக்கத்தைத் தேடிப் பார்த்தேன். திறக்காது.

"வங்கி வேலை செய்யுமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப இதைத் தாங்கோ."

பக்கத்தில் இன்னொரு மொடல் இருந்தது. கொஞ்சம் காத்திருந்தால் திறக்கக்கூடியது, விலையும் அதே. சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, தூசி படாமல் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தேன்.