பதினாலாம் நம்பர் பெட்டி

ஜனவரி 7, 2024, ஞாயிறு

மணி ஆறே முக்கால், இன்னும் இருட்டு, கிராணி மாமா வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார். தோட்டத்துக் கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் பெரட்டுக்கு (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற கூட்டத்துக்கு) போகிற நேரம் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. காடிக்குள் டீச்சர், தாதி தங்கச்சி, ஒரு பிளாஸ்க் நிறைய தே-ஓ (பால் விடாத தேநீர்). எங்கள் பறவைக் குழுவில் பேருக்குப் பதினொரு பேர். ஞாயிற்றுக்கிழமை படுக்கையை விட்டு எழுவது நாலைந்து பேர்தான்.

இந்த வருஷமாவது எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று இதை ஆரம்பித்திருக்கிறேன். ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007இல்தான் இந்தப் பெயர், எங்கள் வாயில் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வரும். மலேசியாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை (பாமாயில் தரும் மரம்) முதன்முதலில் நடப்பட்டது இந்தப் பக்கம் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில்! இது எங்களுக்கு ஒரு தனிப் பெருமை, வெளியூர்க்காரர் யார் வந்தாலும் சொல்லாமல் விடமாட்டோம்.

நாங்கள் போவது வேறு தோட்டம். எலியைக் கட்டுப்படுத்த முன்பு ஒரு துரை (தோட்ட மேலாளர்) இருந்தபோது கூகை ஆந்தைக்கென்று கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்தார்கள், மொத்தம் இருபத்திரண்டு. அப்புறம் துரை மாறினார், பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாதான் ஆபீசில் பேசி, மாதம் ஒன்றிரண்டு முறை நாங்கள் பார்த்துக் கணக்குக் கொடுக்கிறோம் என்று அனுமதி வாங்கினார். ஏணி வைத்து ஏறினால் பறவை மிரண்டு போகிறது. அதனால் குலை அறுக்கிற அலுமினியக் கம்பின் நுனியில் என் கைப்பேசியைச் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, வாசலுக்கு நேராக ஐந்து நொடி காட்டி இறக்கிவிடுவோம். (ஒரு தடவை கைப்பேசி கழன்று கால்வாய்க்குள் விழுந்தது. அது தனிக் கதை.)

ஒன்பது பெட்டி காலி. ஏழாம் நம்பரில் தேனீ. பதினாலில் ஐந்து முட்டை, பிங்பாங் பந்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டது போல, மக்கிப்போன எலி முடியின் மேல்.

ஜனவரி 14, ஞாயிறு

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் நடக்கிறது, இங்கே மலேசிய இயற்கைக் கழகம் ஒருங்கிணைக்கிறது. கோலசிலாங்கூர் கரையில் எங்களுக்கு ஒரு துண்டு. தண்ணீர் இறங்கியதும் சேற்றில் உள்ளான்கள் கோதுமையைச் சிந்தியது போல இருக்கும். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தைப் பிடித்து, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதை வைத்து அளந்துகொண்டே போக வேண்டும். எங்கள் குழுவின் தவுக்கே (முதலாளி) கேமராவை எடுத்தால் எண்ண மாட்டார், எண்ண ஆரம்பித்தால் படம் எடுக்க மாட்டார், கடைசியில் இரண்டும் இல்லை. போத்தாக் நாரை மூன்று நின்றது. மொட்டைத் தலை, கூன் முதுகு, பேரம் படியாமல் சந்தையில் நிற்கிற கிழவர் மாதிரி.

நாளைக்குப் பொங்கல். அதனால் சீக்கிரமே கிளம்பிவிட்டோம்.

ஜனவரி 28, ஞாயிறு

பதினாலில் மூன்று குஞ்சு, இரண்டு முட்டை. கூகை முதல் முட்டை இட்டவுடனே அடைகாக்க உட்கார்ந்துவிடும், மற்ற முட்டைகள் இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு வரும், அதனால் குஞ்சுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சின்னதாக இருக்கும். எலி நிறையக் கிடைத்தால் கடைக்குட்டியும் பிழைக்கும், இல்லாவிட்டால் மூத்ததுக்குத்தான் முதல் வாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். லயத்துக் கூரையில் ஆந்தை கத்தினால் மறுநாள் யார் வீட்டில் என்று பார்த்து வளர்ந்தவர். "அதோட மூஞ்சிய வீட்டுக்குள்ள கொண்டாராத" என்றார், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. அம்மா மதிலில் சோறு வைத்தார், காக்கை வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி நாளைக்கு அவர்களுக்குப் பெருநாள் என்று வாசலைக் கழுவிக்கொண்டே எங்கள் மதிலைப் பார்த்துச் சிரித்தார்.

இந்தக் காக்கை இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. 1900ஐ ஒட்டி, கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்தில் கம்பளிப்புழு தொல்லை தாங்காமல் இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டது. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, காக்கை மட்டும் எதற்கும் அசையாமல் பெருகிக்கொண்டே போய், இப்போது நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுடுகின்றன. "நம்மள மாதிரியே வேலைக்குன்னு கொண்டாந்தானுங்க, வேலை முடிஞ்சதும் தொல்லைங்கிறானுங்க" என்று மாமா ஒட்டுக்கடையில் சொன்னார். எல்லாரும் சிரித்தோம், கொஞ்ச நேரம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. ஆனால் குருவிக் கூட்டை அது எப்படிச் சூறையாடும் என்று பார்த்தவன் நான், எனக்குக் காக்கைமேல் பாசம் கிடையாது. அம்மாவிடம் இதைச் சொல்ல முடியுமா? அவர் கண்ணுக்கு வந்தது தாத்தா.

காக்கை பெருகியதில் குயிலுக்குத்தான் கொண்டாட்டம், முட்டையிடக் கூடு ஊரெல்லாம் இருக்கிறதே. விடிகாலை ஐந்து மணிக்குத் தாமானையே (குடியிருப்பையே) எழுப்புகிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

பள்ளி லீவு. டீச்சர் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார். பதினாலில் நாலு குஞ்சு, ஒரு முட்டை பொரிக்கவே இல்லை.

கம்பத்தடியில் உமிழ்ந்த உருண்டைகள் கிடந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கும், சதை செரித்ததும் முடியையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். கட்டைவிரல் பருமன், புதுசாக இருந்தால் தார் பூசியது போலக் கறுப்பு மினுமினுப்பு, நாள் ஆனால் சாம்பல். முன்பு ஆயாக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) இருந்த இடத்தின் சிமெண்டுத் தரையில் பழைய பேப்பரை விரித்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் பிரிக்கச் சொன்னோம். முதல் இரண்டு நிமிஷம் "ஐயே". அப்புறம் ஒரு பையன் ஒரு மண்டையோட்டை எடுத்தான், வாதாம்பருப்பு அளவு, முன்பல் நாலும் ஆரஞ்சு நிறம். பல் ஏன் மஞ்சளாக இருக்கு, எலி வெற்றிலை போடுமா என்று கேட்டான். இரும்புச் சத்து என்று டீச்சர் சொன்னார், வெற்றிலைதான் அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரே உருண்டையில் மூன்று மண்டையோடு. பிள்ளைகள் வரிசையாகத் தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதி எடுத்துப் போனார்கள். எந்த அம்மா எதை வெளியே எறிந்தாரோ.

எலி பழத்தைத் தின்பது எல்லாருக்கும் தெரியும். ஆண் பூவில் இருக்கும் வண்டுப் புழுவையும் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வண்டு கேமரூனிலிருந்து 1981இல் கொண்டுவந்து விட்டது, செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது அதுதான். அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது என் அம்மா. பவுடர் கலந்த மகரந்தத்தைப் பூவுக்குப் பூ ஊதிக்கொண்டே போகிற வேலை, பெண்கள் கூட்டமாகப் போவார்கள். வண்டு வந்த பிறகு அந்தக் கூட்டத்தையே கலைத்துவிட்டார்கள். வண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா இன்றைக்கும் "என் வேலையத் தின்ன வண்டு" என்பார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மழை. ரொட்டி சானாய். வீடு.

மார்ச் 3, ஞாயிறு

பாதிப் பேர் தஞ்சோங் துவானுக்குப் போய்விட்டார்கள். சுமத்ராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையைக் கடந்து அங்கேதான் கரையேறும். நானும் மாமாவும் மட்டும் தோட்டத்துக்குப் போனோம், போகாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கம்பத்திலிருந்து இருபது எட்டு வைக்கும் தூரத்தில், வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில், பெரிய கூகை செத்துக் கிடந்தது. காக்கைகள் அதற்குள் வந்து சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதுதான் போல, ஆனால் இதில் வெல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. கையில் எடுத்தால் கனமே இல்லை. இதய வடிவ முகம், அதைச் சுற்றிப் பழுப்பு ஓரம், நடுவிரல் நகத்தில் சீப்புப் பல் மாதிரி வெட்டு (இறகு கோதுவதற்கு). அலகோரத்தில் உறைந்த ரத்தம். உடம்பில் காயம் இல்லை.

மாமா ஒன்றும் பேசவில்லை, பக்கத்து மரத்தடியில் குனிந்து எதையோ எடுத்துக் காட்டினார். மெழுகுக் கட்டி, ஓரத்தில் எலி கொறித்த தடம். எலி மருந்து.

இது உடனே கொல்லும் விஷம் இல்லை. ரத்தம் உறையாமல் செய்வது. தின்ற எலி நாலைந்து நாள் உயிரோடு, தள்ளாடிக்கொண்டு, ஓட்டமில்லாமல் திரியும். கூகைக்கு இதைவிடச் சுலபமான இரை கிடைக்குமா? பழைய வார்ஃபரின் மருந்து உடம்பில் அதிக நாள் தங்காது. பிறகு வந்த மருந்துகள் எலியின் ஈரலில் தங்கி, நாலைந்து எலியில் கூகையின் ஈரலுக்கு வந்துவிடும். பெட்டியில் மூன்று குஞ்சு. நாலாவது எங்கே என்று தெரியவில்லை. பசியில் மூத்தது இளையதைத் தின்பதும் உண்டு, அதனால் எல்லாவற்றையும் மருந்தின் தலையில் கட்ட மாட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

மதியம் மாமாவும் நானும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். சின்னத் துரை (உதவி மேலாளர்) இளைஞர், தமிழர்தான், எங்களை "ஐயா, அண்ணே" என்று உட்காரவைத்தார். நான் சண்டைக்கு ரெடியாகப் போனேன், அவர் சண்டைக்கு வழியே விடவில்லை. பழத்தில் புதுக் கடி நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் மருந்து வைக்க வேண்டும் என்பது மேலிடத்து விதி, பழைய மருந்துக்கு எலி பழகிவிட்டதால் இந்த மருந்து, பெட்டியில் கூகை இருக்கிறதா இல்லையா என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். மாதம் ஒரு கணக்குக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கினோம். நவம்பருக்குப் பிறகு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியது நான். நோட்டில் எல்லாம் இருக்கிறது, வேன் டாஷ்போர்டில்.

கடைசியில் பதினாலைச் சுற்றியுள்ள கட்டங்களில் குஞ்சு பறக்கிற வரை மருந்து வைக்க மாட்டோம் என்றார். எழுத்தில் தரவில்லை. மற்ற பெட்டிகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டு குஞ்சு. மருந்துக் கட்டி ஒன்றும் கண்ணில் படவில்லை, மாமா ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜனவரி, பிப்ரவரி கணக்கை டைப் செய்து ஆபீசில் கொடுத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு இரவு

மிஞ்சிய பெரிய கூகை இன்னும் இரை கொண்டுவருகிறதா என்று பார்க்க இரவில் போனோம். நோன்பு மாதம், வாசல் காவலுக்கு இருக்கும் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) நோன்பு திறந்து முடித்து எங்களுக்கும் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பினார்.

செம்பனைக்குள் இரவு என்றால் மேலே வானமே இருக்காது, மட்டைக்கு நடுவில் கிழிசல் கிழிசலாக நிலா. விளக்கை அணைத்துவிட்டு மட்டைக் குவியலில் உட்கார்ந்தோம், கொசுவை அடிக்கவும் கூடாது. எட்டு மணி வாக்கில் பெட்டிக்குள் சத்தம் ஆரம்பித்தது, குக்கரில் ஆவி கசிகிற மாதிரி, இழுத்து இழுத்து, நிறுத்தவே இல்லை. பசிக் குரல். எட்டே முக்காலுக்கு ஒரு வெள்ளைத் துணி தலைக்கு மேலே போனது போல இருந்தது. இறக்கைச் சத்தம் துளியும் இல்லை. பெட்டி வாசலில் இறங்கி, ஒரு நொடி, அவ்வளவுதான், போய்விட்டது. உள்ளே ஆவிச் சத்தம் அடங்கி, அரை நிமிஷத்தில் திரும்பவும். பத்து மணிக்குள் மூன்று தடவை வந்தது. தாதி தங்கச்சி நேரத்தை எல்லாம் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பெட்டி காலி. எதிர் மரத்து மட்டையில் ஒன்று உட்கார்ந்திருந்தது, கழுத்தில் இன்னும் கொஞ்சம் பஞ்சு, எங்களைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டியது. மற்றதைத் தேடினோம், கிடைக்கவில்லை, செத்தும் கிடைக்கவில்லை. நோட்டில் "1 பறந்தது, 1 தெரியவில்லை" என்று எழுதினேன். அம்மா கேட்டார், அதையே சொன்னேன்.

பெட்டியின் அடிப்பலகை உளுத்துவிட்டது, அடுத்த முட்டைக்கு முன் மாற்ற வேண்டும். பிளைவுட்டைத் தவுக்கே பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், மீதிக்கு ஆளுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்). குழுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், மாமா இன்னும் நாலு பேரிடம் வசூலிக்க வேண்டியிருக்கிறது.