வாசலில் குழாய் வைக்கப் போகிறீர்களா? அரை இஞ்ச் எல்லாம் ஒன்றல்ல

ஒரு குழாய் வேலைக்கு எந்த பிளம்பரும் வர மாட்டார். "நாளைக்கு வரேன் சார்" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் நானே இறங்கினேன். வேலை பெரிசில்லை. மொட்டைமாடி டேங்கிலிருந்து சமையலறைக்கு இறங்கும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் வெளிச்சுவரை ஒட்டித்தான் வருகிறது. நடுவில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, வாசல் பக்கம் ஒரு கிளை இழுத்தால் செடிகளுக்கும் வாசல் தெளிக்கவும் தண்ணீர் ஆயிற்று.

படுத்தியது கடைதான். சிபிவிசிக்கு அரை இஞ்ச் டீ என்று தெளிவாகத்தான் கேட்டேன். "எல்லா அரை இஞ்சும் ஒண்ணுதான் சார்" என்று யுபிவிசி என்ற வேறு வகை பிளாஸ்டிக் பைப்புக்கான வெள்ளை டீயை எடுத்துப் போட்டார் கடைக்காரர். வீட்டில் வைத்துப் பார்த்தால் பைப் அதற்குள் லொடலொடவென்று ஆடுகிறது. ஆடாமல் என்ன செய்யும்? அரை இஞ்ச் சிபிவிசி பைப்பின் வெளிவிட்டம் சுமார் 15.9 மி.மீ., யுபிவிசிக்கு 21.3 மி.மீ. திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மறுத்துவிட்டு, முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப்பை லேசாகச் சூடு காட்டி அதிலேயே ஏற்றச் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அதன் வெளிவிட்டம் 22.2 மி.மீ. நெருப்பில் இளக்கி நெருக்கினால் பைப் அந்த இடத்தில் கோணி, பசையும் சரியாகப் பிடிக்காது. வேறு கடையில் சரியான டீ ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பைப்பின் வெட்டுத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள். ஒட்டும் பசையான சொல்யூஷனும் சிபிவிசிக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள்.

பைப்பில் பிளேடு வைக்கும் முன் டேங்க் வால்வை மூடி, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். எங்கள் வீட்டில் சொட்டுவது நிற்கவே இல்லை. வருஷக்கணக்கில் யாரும் திருப்பாத கேட் வால்வ் (பல சுற்று திருகி மூடும் வகை), போர் தண்ணீர் உப்பு படிந்து முழுசாக மூடவில்லை. ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. காலையில்தான் மோட்டார் போட்டு நிரப்பிய டேங்க்! அண்டா, குடம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்து, மிச்சத்தை மனசில்லாமல் திறந்துவிட்டோம். அதே கையோடு கேட் வால்வைக் கழற்றிவிட்டு கால் சுற்றில் மூடும் பால் வால்வ் போட்டாயிற்று.

இரண்டு பக்கமும் அசையாத பைப்புக்கு நடுவில் டீயை எப்படி நுழைப்பது என்பது அடுத்த திகைப்பு. மேலும் கீழும் உள்ள கிளாம்ப்புகளைக் கழற்றிவிடுங்கள். பைப் வளைந்து இடம் கொடுக்கும். டீயை உள்ளே தள்ளும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் பைப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும்.

குழாய் மாட்டும் முனைக்குப் பித்தளை மரை வைத்த எல்போ (L வடிவ இணைப்பு)தான். வாளி இடித்து இடித்து பிளாஸ்டிக் மரை விண்டுவிடும். கசியாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள், இல்லாவிட்டால் திருகும்போது உரிந்து வரும்.

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, விடிந்ததும் வால்வைத் திறந்தேன். டீயைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரமில்லை. அம்மா அந்தத் தண்ணீரிலேயே வாசல் தெளித்துக் கோலம் போட்டார்.

குழாய் வாங்கும்போது ஓஸ் மாட்ட முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெயில் படும் பைப்புக்கு வாட்டர் பேஸ் பெயிண்ட் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.