மிக்ஸிங்குக்கு முந்தைய வேலை: ஒரு அம்மன் பாட்டின் டிராக்குகள்

ஊர்த் திருவிழாவுக்காக நண்பர் மெட்டமைத்த அம்மன் பாட்டு ஒன்றை மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்த்துத் தரச் சொன்னார். கூகுள் டிரைவில் வந்த ஃபோல்டரைத் திறந்தால் ‘ஆடியோ 1’, ‘ஆடியோ 1 நியூ’, ‘ஃபைனல் வாய்ஸ்’, ‘ஃபைனல் வாய்ஸ் இதுதான்’ என்று முப்பது சொச்சம் ஃபைல்கள். தவிலும் நாதஸ்வரமும் ஒரு ஸ்டுடியோவில் பதிவானவை, குரல்கள் இன்னொன்றில், கீபோர்டு அவர் வீட்டில்.

ஒலியின் கனத்தையும் கூர்மையையும் ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைத் தொடக் கை பரபரக்கும். நான் முதலில் பார்ப்பது சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்திருக்கிறார்கள் என்பது. குரல்கள் 48 கிலோஹெர்ட்ஸ், மற்றதெல்லாம் 44.1. பெரும்பாலான மென்பொருள்கள் தாமே மாற்றிக்கொள்ளும். மாற்றாமல் 44.1 ஃபைலை 48-இல் ஓட்டினால் வேகம் கூடி, சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிவிடும். ப்ராஜெக்டை 48, 24 பிட் என்று வைத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன்.

அடுத்த சிக்கல், குரல் ஃபைல்கள் பாடகி வாய் திறக்கும் இடத்திலேயே தொடங்கின. பாட்டில் எங்கே வைப்பது? காதால் கேட்டு ஒட்டலாம்தான், ஆனால் அது வீண் வேலை. ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்து, எஃபெக்ட் இல்லாமல், வேவ் ஃபைலாக மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். டெம்போவையும் (பாட்டின் வேகம்), அவர் தோராயமாகச் சேர்த்துக் கேட்டுப் பழகிய ரஃப் மிக்ஸையும் சேர்த்துக் கேட்டேன். அவர் மனதில் எது முன்னால் ஒலிக்கிறது என்பதை ரஃப் மிக்ஸ் சொல்லிவிடும்.

அதிக நேரம் பிடித்தது தவில். கையால் வாசிக்கும் வலந்தலைப் பக்கத்துக்கு ஒரு மைக், குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்துக்கு ஒரு மைக். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை, சேர்த்தால் தொப்பியின் கனம் காணாமல் போகிறது. குச்சி தொப்பியில் விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளிருக்கும் காற்று மறுபக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் எதிரெதிராக அதைப் பதிவு செய்வதால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். தொப்பி டிராக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழைத் தலைகீழாகத் திருப்பியதும் கனம் திரும்பிவிட்டது. ஒரே பட்டன்தான். இதைப் பார்க்காமல் ஈக்வலைசரில் பேஸை ஏற்றிக்கொண்டே போனால் விடியாது.

அப்புறம் துப்புரவு. குரல் வரிகளுக்கு நடுவே ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த, தாளம் காட்டும் க்ளிக் சத்தத்தை வெட்டி, வெட்டிய ஓரங்களில் ஒலி மெல்ல ஏறி இறங்கும்படி 10 மில்லிசெகண்ட் ஃபேடு வைத்தேன், இல்லாவிட்டால் ‘டிக்’ என்று தட்டும். மூச்சுகளை அழிக்கவில்லை, 6 டெசிபல் குறைத்தேன். மூச்சே இல்லாத குரலைக் கேட்டால் எனக்கு மூச்சு முட்டும். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிசெய்யும் சத்தத்தையும் ஓரிடத்தில் விட்டுவைத்தேன், நன்றாகவே இருந்தது.

நாதஸ்வரம் உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, குரலோ அடியில் கிடந்தது. மிக்ஸரில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொடாமல் ஃபைலின் அளவையே மாற்றி எல்லாவற்றையும் சராசரி மைனஸ் 18 டெசிபல் (பூஜ்ஜியம்தான் உச்சம்) அருகில் கொண்டுவந்தேன். பெயர், நிறம், தாளம்-குரல்-கீபோர்டு என்று குழு பிரிப்பதெல்லாம் பத்து நிமிட வேலை.

ஃபேடர்களை மட்டும் வைத்து ஒரு பேலன்ஸ் போட்டு நண்பருக்கு அனுப்பினேன். கோரஸில் ஒரு பெண் குரல் குறைகிறதே என்றார். தேடினால், அந்த ஃபைலை அவர் ஃபோல்டரில் சேர்க்கவே இல்லை. அன்று ராத்திரியே அனுப்பினார். அதையும் இடத்தில் வைத்து, ப்ராஜெக்டுக்கு வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மறுநாள் தவிலிலிருந்து மிக்ஸைத் தொடங்கினேன்.