படக் கொப்பி

1976 மார்ச் 13, சனி. ராஜா தியேட்டர். மட்னி. கலரி. பெரியண்ணாவும் ச.வும். 64. சி.

என்னுடைய முதலாவது படக் கொப்பியின் முதல் வரி இது. மட்னி என்றால் பிற்பகல் காட்சி, கலரி என்றால் மலிவான வகுப்பு. படத்தின் பெயரும் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் எனக்கு ஒரு காட்சிகூட ஞாபகம் இல்லை. ஆனால் பெரியண்ணாவின் சைக்கிள் பாரில் நானும் கரியரில் ச.வும் இருந்து போனது, வழியில் செயின் கழன்றது, அண்ணா மசகு பிடித்த கையை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே ரிக்கற் எடுத்தது எல்லாம் அந்த ஒரு வரியைப் பார்த்தவுடன் வந்துவிடுகின்றன. அப்போது எனக்குப் பதினாறு வயது.

அன்று தொடக்கம் பார்த்த ஒவ்வொரு படத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஐந்தாவது கொப்பி. மொத்தம் 2,316 வரிகள். கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, கல்லூரி எனக்குத் தந்தவற்றில் இன்றுவரை விடாமல் கையில் வைத்திருப்பது என்ன என்று யோசித்தேன். இந்தக் கொப்பிதான். கொப்பியைத் தந்தது கல்லூரி அல்ல, அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித் தந்தது கல்லூரி.

கல்லூரிக்கு முன்னால் இருந்த கடையில் கணக்குப் பாடத்துக்கென்று வாங்கிய சி.ஆர். கொப்பி அது. நீலத் துணி முதுகு. இலக்கம், திகதி, படம், தியேட்டர், வகுப்பு, யாருடன், புள்ளி, தரம் என்று எட்டு நிரல்கள் கீறினேன். எங்கள் தேர்ச்சி அறிக்கையில் இருந்த அதே டி, சி, எஸ், எஃப்தான் (விசேட சித்தி, திறமைச் சித்தி, சாதாரண சித்தி, சித்தியின்மை) தரம். நூறு புள்ளியைக் கதைக்கு 30, நடிப்புக்கு 30, பாட்டுக்கு 20, படப்பிடிப்புக்கு 10, திரும்பவும் பார்க்கலாமா என்பதற்கு 10 என்று பிரித்து வைத்திருந்தேன். பாட்டுக்கு இருபது கொடுத்தது ஏனென்று அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இந்தியப் படங்கள் அளந்துதான் வந்தன. அங்கே ஓடி முடிந்து ஒரு வருசம், சில நேரம் அதற்கும் மேலாகித்தான் இங்கே படம் வரும். பாட்டு மட்டும் இலங்கை வானொலியில் எப்போதோ வந்து, எங்களுக்கு மனப்பாடமாகிவிடும். தெரிந்த பாட்டுக்கு அந்த ஆட்கள் எப்படி வாயசைக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே பாதிப் பேர் தியேட்டருக்குப் போனோம்.

ராஜா, ராணி, வின்சர், வெலிங்டன், மனோகரா, ஸ்ரீதர், வித்யா, லிடோ, ரீகல். தியேட்டர் என்ற நிரலில் இந்தப் பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன. ஆங்கிலப் படம் என்றால் ரீகல். வெலிங்டனில் படம் ஓடாமல் போய் எத்தனையோ வருசமான பிறகும் அந்தச் சந்திக்கு வெலிங்டன் சந்தி என்றுதான் பெயர். கிழமையில் ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டிய கார் நோட்டீஸ் எறிந்துகொண்டு போகும். பின்னால் ஓடிப் பொறுக்கிய நோட்டீஸ் சிலவற்றைக் கொப்பியில் ஒட்டியிருந்தேன். பசைக்குப் பதிலாகச் சோறு. ஒட்டிய இடங்களை இராமபாணப் பூச்சி தின்று, இப்போது ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிறது.

அந்த வருசம் கடைசித் தவணை. வர்த்தகப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கரும்பலகையில் வரவு செலவுப் பேரேடு போட்டுக்கொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே முதல்நாள் பார்த்த படத்துக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நிற்கும்வரை தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. வீட்டுக்குச் சொல்லிவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். கொப்பி திரும்பக் கிடைக்காது என்ற பயம் அதைவிடப் பெரியது.

அடுத்த நாள் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். கொப்பியை ஒரு பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். வகுப்பில் பாதிப் பேர் எம்.ஜி.ஆர். பக்கம், பாதிப் பேர் சிவாஜி பக்கமாக நின்ற காலம். ஒரு படத்துக்கு நான் 38 போட்டிருந்தேன், எஃப். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அதனால் பழைய பிளேட் ஒன்றால் 38ஐச் சுரண்டிவிட்டு 70 என்று எழுதியிருந்தேன். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து மை ஊறிப்போயிருந்தது. மாஸ்டர் அந்தத் தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுரண்டிய இடம் மட்டும் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

"படத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனா இது ஒரு கணக்குப் புத்தகம். கணக்குப் புத்தகத்திலை சுரண்டக் கூடாது. பிழை எண்டால் ஒரு கோடு இழு, ஒரே ஒரு கோடு. பழைய எண் வாசிக்கக் கூடியதா இருக்கோணும். பக்கத்திலை புது எண்ணை எழுதி, திகதியும் கையெழுத்தும் வை. அப்பதான் உன்ரை புத்தகத்தை ஒருத்தன் நம்புவான்."

அவ்வளவுதான் சொன்னார். சிவப்புப் பேனையால் அந்த 70இன் மேல் ஒரு கோடு இழுத்தார். பேனையை என்னிடம் தந்தார். நான் பக்கத்தில் 38 என்று எழுதி, திகதியும் என் பெயரின் முதலெழுத்தும் வைத்தேன். கை நடுங்கியது எழுத்தில் தெரிகிறது. பாட நேரத்தில் எழுதாதே என்றுகூட அவர் சொல்லவில்லை. அதன் பிறகு நான் பாட நேரத்தில் எழுதியதும் இல்லை.

இந்தச் சிவப்புக் கோடு எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு விளங்கியது முப்பது வருசம் கழித்து. "பொன்மணி"யைத்தான் சொல்கிறேன். 1977இல் வந்த படம். அப்போது யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த தர்மசேன பத்திராஜா இயக்கியது. சிங்களவரான அவர் எங்கள் ஊருக்குள் வந்து, எங்கள் வீடுகளுக்குள் புகுந்து, சாதியையும் சீதனத்தையும் பற்றித் தமிழில் ஒரு படம் எடுத்தார். நான் போட்ட புள்ளி 28. எஃப். அந்த நாட்களில் ஓரத்தில் சின்னக் குறிப்பு எழுதுகிற பழக்கமும் இருந்தது. இதற்கு எழுதியிருப்பது: "எங்கடை வீட்டிலை கதைக்கிற மாதிரியே கதைக்கினம். சண்டை இல்லை. மெதுவாகப் போகுது."

எங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைக்கிறார்கள் என்பதைக் குறை என்று எழுதியிருக்கிறேன்! திரையில் எங்கள் பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லாத காதுகள். அடுத்த வருசம் செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த "வாடைக்காற்று" வந்தது. நாவலைக் கல்லூரி நூலகத்தில் எடுத்து ஏற்கெனவே வாசித்திருந்ததால் அதற்கு 71 கொடுத்தேன். "பொன்மணி"க்கு அப்படி ஒரு பிடிமானம் என்னிடம் இருக்கவில்லை.

2009இல் ரொறன்ரோவில் நண்பர் ஒருவர் வீட்டில், கோடு கோடாக அசைகிற பழைய வீடியோப் பிரதியில் அதைத் திரும்பப் பார்த்தேன். வீட்டில் கலியாணம் ஆகாமல் இருக்கும் பெண்கள், அவர்கள் முன்னால் யாரும் வாய் திறக்காமல் நடக்கும் அந்த மௌனம். என் சொந்த அக்கா இரண்டு பேர் அப்படி இருந்த வீட்டில் இருந்துதான் நான் 1977இல் அந்தப் படத்துக்குப் போனேன். படம் முடிந்து எழும்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்து முதலாவது கொப்பியை எடுத்தேன். 28இன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 79. திகதி, கையெழுத்து. 2018 ஜனவரியில் பத்திராஜா காலமான செய்தி வந்த கிழமை மூன்றாம் தடவை பார்த்தேன். 79க்கும் ஒரு கோடு விழுந்தது. இப்போது 86.

28ஐ நான் சுரண்டி எடுத்திருந்தால், பதினேழு வயதில் நான் எப்படி இருந்தேன் என்பதற்கு அந்தக் கொப்பியில் ஒரு சாட்சியும் இருந்திருக்காது. இன்று எனக்கு 86ஐவிட அந்த 28தான் பெறுமதியானது.

இடையில் நிறைய வெற்று இடங்கள். 1981 மே கடைசிக்குப் பிறகு ஓகஸ்ட் வரை வரியே இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த மாதங்கள். பிறகு வீடியோ வந்தது. கோயில் வெளியிலோ யாராவது வீட்டு முற்றத்திலோ ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஆள் காசு போட்டு, விடிய விடிய மூன்று படம். மூன்றாவது படத்துக்கு நான் புள்ளி போட்டதில்லை. "நித்திரை" என்று மட்டும் எழுதினேன். கண் மூடின படத்துக்குப் புள்ளி போடுவது மாஸ்டரின் பேரேட்டில் இல்லாத வரவை எழுதுவது போல.

1984இல் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது ஒரு பைதான். கொப்பி வீட்டில் நின்றுவிட்டது. அம்மா அதை என் சான்றிதழ்களோடு பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் போட்டு வைத்திருந்தா. 1995 ஒக்ரோபர் 30இல் போரால் சனம் முழுக்க யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்தபோது அந்த ரின்னும் சாவகச்சேரிக்கு நடந்தது. 2003இல், போர்நிறுத்தத்தால் பாதை திறந்திருந்த நாட்களில் ஊருக்குப் போனேன். அம்மா ரின்னைத் திறந்து கொப்பியை என் கையில் தந்தா. மட்டையில் ரின் விளிம்பின் துருக்கறை வளைந்து பதிந்திருந்தது.

"உன்ரை கணக்குக் கொப்பி, தம்பி. இலக்கமெல்லாம் நிரையா இருந்தது. கல்லூரிக் கணக்காக்கும் எண்டு கொண்டு போனன். சரிதானே?"

சரிதான் அம்மா என்றேன். படக் கொப்பி என்று சொல்லவில்லை.

ரொறன்ரோவில் ஆரம்ப வருசங்கள் இரவு வேலை, பகல் நித்திரை. 1987 முழுவதற்கும் ஒன்பது வரிதான். அப்புறம் தமிழ்க் கடைகளில் வீடியோ கசற் வாடகைக்கு எடுத்த காலம், ஸ்காபரோ வூட்சைட் தியேட்டரில் புதுப்படம் பார்க்கிற காலம். இந்தப் பக்கங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. "யாருடன்" என்ற நிரலில் பல வருசம் "தனிய" என்றே இருக்கிறது. பிறகு மனைவியின் முதலெழுத்து வருகிறது. பிறகு மகளின் பெயர், அவளே எழுதிய கோணல் எழுத்தில்.

மகள் இப்போது, பார்த்த படங்களைப் பதிந்து வைக்கும் லெட்டர்பொக்ஸ்ட் தளத்தில் எழுதுகிறாள், ஐந்து நட்சத்திரத்துக்கு. திரைப்படத் தகவல் தளமான ஐ.எம்.டி.பி. எப்படித் தொடங்கியது என்றும் அவள்தான் சொன்னாள். கொல் நீடம் என்ற ஆங்கிலேயர், இளவயதிலிருந்து தான் பார்த்த படங்களைத் தனக்காகக் குறித்து வைத்து வந்தவர். அந்தப் பழக்கத்தில் இருந்துதான் 1990 ஒக்ரோபரில் இவ்வளவு பெரிய தளம் முளைத்தது. கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் படக் கொப்பி எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே பிரிட்டனிலும் ஒரு பையன் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

உங்கள் கொப்பி எல்லாவற்றையும் நான் ஏற்றித் தருகிறேன் அப்பா என்றாள். லெட்டர்பொக்ஸ்டில் ஒரு படத்தைத் திரும்பப் பார்த்தால் இரண்டாவது பதிவாகப் போடலாம், முதல் நட்சத்திரமும் அப்படியே நிற்கும் என்று காட்டினாள். அது எனக்கு மிகவும் பிடித்தது. போட்ட பதிவையே திறந்து நட்சத்திரத்தை மாற்றினால் பழையது போய்விடும் என்றும் சொன்னாள். அப்படி மாற்றாதே பிள்ளை, புதுப் பதிவாகப் போடு என்றேன். மாஸ்டரின் கதையை அன்றுதான் முதல் முறை அவளுக்குச் சொன்னேன். புள்ளியைப் படம் பார்த்த இரவே போட வேண்டும், மற்றவர்களோடு கதைக்க முதல் போட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் அப்படித்தான் செய்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில் இருவருமாக முதலாவது கொப்பியை வரி வரியாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நான் வாசிக்க அவள் தட்டுகிறாள். "யாருடன்" நிரலுக்கு வரும்போதெல்லாம் நின்று, அது யார் அப்பா என்று கேட்கிறாள். ச. யார், கே. யார் என்று சொல்லி வருகிறேன். சிலர் இந்த மலரை வாசிப்பீர்கள். சிலர் இல்லை.

ஒரு வரியில் மட்டும் சிக்கி நிற்கிறோம். இலக்கம் 117. 1978 செப்ரெம்பர் 9, சனி. மனோகரா. முதல் காட்சி. "யாருடன்" என்ற இடத்தில் "வ." ஓரக் குறிப்பு: "மழை. வ. கச்சான் வாங்கித் தந்தான். காசு கொடுக்கவில்லை." எங்கள் வகுப்பில் வ.வில் தொடங்கும் பெயர் நான்கு பேருக்கு இருந்தது. மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன், தாங்கள் இல்லை என்கிறார்கள். நான்காவது ஆள் இருக்குமிடம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வேறு வகுப்பில் படித்தவராகவும் இருக்கலாம். அது நீங்கள்தான் என்றால் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மகள் அந்தக் கட்டத்தை இன்னும் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.