டிஸ்னி வேர்ல்டில் அம்மாவுக்கு ஒரு பால்கனி: அறை பிடித்த கதை

ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியின் எடிசன் நகரம். நயாகராவும் வாஷிங்டனும் பார்த்தாகிவிட்டது. எட்டு வயது மகனுக்கு ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுதான் வேண்டும். அம்மா எதற்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் அது காலையிலிருந்து இரவு வரை நடக்கிற இடம், அவருக்கோ இரண்டு முழங்காலிலும் வலி.

காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது வருஷம் மாடு கன்றுகளோடு இருந்தவர் அவர். அப்பா போன பிறகு கட்டுத்தறியில் இருந்த கடைசி ஜோடியையும் விற்றோம். அதற்குப் பிறகு விடியற்காலையில் எழுந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். எடிசனுக்கு வந்த பின்னும் அதே பழக்கம்தான். ஐந்து மணிக்குச் சமையலறை ஜன்னலருகே போய் நின்று, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால்தான் அனிமல் கிங்டம் லாட்ஜ் என் நினைவுக்கு வந்தது. டிஸ்னி 2001-ல் திறந்த ஓட்டல் அது. ஆப்பிரிக்கப் புல்வெளி போல நிலத்தை அமைத்து, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் வகைகளை அதில் மேயவிட்டிருக்கிறார்கள். சவானா வியூ அறை கிடைத்தால் பால்கனியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம். அந்த ஒரு பால்கனிக்காக நான்கு மாதம் மெனக்கெட்டேன். அதே அறைக்கு அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் விலை. லாட்ஜ், டீலக்ஸ் வகையைச் சேர்ந்த ஓட்டல். டிஸ்னி ஓட்டல்களில் வேல்யூ, மாடரேட், டீலக்ஸ், அதற்கு மேல் சமையலறையோடு வரும் வில்லாக்கள் என்று படிப்படியாக உண்டு. நாங்கள் பார்த்த நாட்களில் லாட்ஜின் சாதா அறைக்கும் சவானா வியூ அறைக்கும் இடையே ஓர் இரவுக்கு 200 டாலருக்கு மேல் வித்தியாசம் இருந்தது. வரி தனி. அறை வாடகை இரண்டு பெரியவர்களுக்குத்தான். 18 வயதுக்கு மேல் மூன்றாவது ஆள் வந்தால் ஒவ்வோர் இரவுக்கும் கூடுதல் பணம் உண்டு. அம்மாவின் பெயரைச் சேர்த்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. செலவு பார்க்கிறவர்கள் முதலிலேயே எல்லார் பெயரையும் வயதையும் கொடுத்துத் தேடுங்கள்.

இதில் நாங்கள் தேர்ந்தெடுத்த வாரம் வேறு. நவம்பர் முதல் பாதியில் நியூ ஜெர்சி ஆசிரியர்கள் மாநாடு நடக்கும். வியாழனும் வெள்ளியும் பள்ளி கிடையாது. எங்கள் மாநிலத்தில் பாதிப்பேர் அந்த நான்கு நாளுக்கு டிஸ்னி வேர்ல்டு பக்கமுள்ள ஆர்லாண்டோவுக்குத்தான் போகிறார்களோ என்று தோன்றும். அங்கே அதை ‘ஜெர்சி வீக்’ என்றே சொல்கிறார்கள். கூட்டமும் விலையும் ஏறும் வாரம். பையனின் பள்ளி நாள் வீணாகக்கூடாது என்பதால் எங்களுக்கு வேறு வழியில்லை.

புதன் இரவு முதல் ஞாயிறு வரை நான்கு இரவும் லாட்ஜில் என்று கணக்குப் போட்டதும் என் கணவர் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். நானும் யோசித்தேன். பூங்காவில் சுற்றுகிற நாளில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்புவோம். அந்த நாளில் ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நின்றாலும் பார்க்க யார் இருப்பார்கள்? அறையிலேயே இருக்கப்போகிற நாளுக்கு மட்டும் காட்சிக்குக் காசு கொடுத்தால் போதும். அதோடு, லாட்ஜில் விலங்குகளைப் பார்க்கப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. அங்கே இருக்கிற ஒரு நாளுக்கு அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட்டே வேண்டாம். மிச்சமாகிற அந்தப் பணம் அறைக்குப் போகும்.

ஆக, முதல் இரண்டு இரவு பாப் செஞ்சுரி, அடுத்த இரண்டு இரவு லாட்ஜ் என்று முடிவானது. பாப் செஞ்சுரி 2003-ல் வந்த வேல்யூ ஓட்டல். 2019-ல் ஸ்கைலைனர் என்ற கம்பிவட வண்டி வந்த பிறகு அதன் மவுசே வேறு. எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற இரண்டு பூங்காக்களுக்கும் பஸ் இல்லாமலே போய்விடலாம். சக்கர நாற்காலியோடு வருகிறவர்களுக்கு நிலையத்தில் தனிப் பாதை உண்டு. அங்கே வண்டி முழுசாக நின்று ஏற்றிக்கொள்ளும். அந்த ஓட்டலில் மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்து, முகப்புக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘பிரிஃபர்டு’ அறையை எடுத்தேன். பரந்து கிடக்கிற வளாகம் அது. முழங்கால் வலிக்காரருக்கு அந்தச் சில டாலர் மிகப் பெரிய உதவி.

லாட்ஜ் விஷயத்தில் என் முதல் முயற்சி தப்பாகப் போனது. விலை குறைவாகக் காட்டிய வெளி இணையதளம் ஒன்றில் முழுப் பணத்தையும் கட்டி அறை போட்டேன். அம்மாவின் பயணத் தேதி நிச்சயமாகாத நேரம் அது. மாற்ற வேண்டும் என்றதும், இந்த விலைக்கு மாற்றமும் கிடையாது, ரத்தும் கிடையாது என்றார்கள். மூன்று வாரம் போன் செய்து, பாதிப் பணத்தைத்தான் திரும்ப வாங்க முடிந்தது. வில்லாக்களில் தங்குவதற்கான புள்ளிகளை முன்பே பணம் கட்டி வாங்கிவைத்திருக்கிற உறுப்பினர்களிடமிருந்து அந்தப் புள்ளிகளை வாடகைக்கு வாங்கினால் மலிவு என்று தோழி ஒருத்தி சொன்னாள். மலிவுதான். ஆனால் அதிலும் பெரும்பாலும் ரத்து செய்ய வழியில்லை. வயதானவர்களோடு போகும்போது எந்த நேரமும் திட்டம் மாறலாம். அந்தச் சுதந்திரத்துக்கு நூறு டாலர் கூடக் கொடுத்தாலும் தகும் என்பது என் எண்ணம்.

பிறகு டிஸ்னியிலேயே நேராக அறை மட்டும் போட்டேன். அறையும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜாகவும் எடுக்கலாம். அதற்கு 200 டாலர் முன்பணம், மீதியை 30 நாளுக்கு முன் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பணம் பிடிப்பார்கள். அறை மட்டும் என்றால் முதல் இரவின் வாடகைதான் முன்பணம். இணையத்தில் போட்டிருந்தால் போய்ச் சேருவதற்கு ஆறு நாள் முன்பு வரை ரத்து செய்து முழுதும் வாங்கிக்கொள்ளலாம். அடிக்கடி மாற்றப்போகிறோம் என்று தெரிந்தே இதை எடுத்தேன். சவானா வியூ அப்போது இல்லை. சாதா அறையைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது என் கைக்காவல்.

காத்திருந்த காலத்தில் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன்.

இரண்டு இரவுக்குச் சேர்த்துத் தேடினால், அதில் ஒரு இரவு நிறைந்திருந்தாலும் ‘இல்லை’ என்றே வரும். ஒவ்வோர் இரவாகத் தனித்தனியே தேடினேன். சனிக்கிழமை இரவு சவானா வியூ இருந்தது! வெள்ளிதான் இல்லை. இது தெரியாமல் எத்தனை பேர் கைவிட்டிருப்பார்களோ. வெள்ளிக்கு சாதா அறை, சனிக்கு சவானா அறை என்று உடனே பிரித்துப் போட்டுவிட்டேன். ஒரே ஓட்டலில் அறை மாறுவது தொல்லைதான், ஆனாலும் ஒரு விடியற்காலையாவது உறுதியாயிற்று.

இரண்டாவது, திரும்பக் கொடுக்கிறவர்கள் எப்போது கொடுப்பார்கள் என்பது. பேக்கேஜ்காரர்கள் 30 நாள் கெடுவை ஒட்டி முடிவெடுப்பார்கள். அறை மட்டும் எடுத்தவர்கள் ஆறாம் நாள் கெடுவை ஒட்டி விடுவார்கள். அந்த நாட்களில் காலையும் இரவும் பார்த்தேன். 30 நாளில் ஒன்றும் வரவில்லை. ஏழு நாள் முன்பு, இரவு பதினொன்றரை மணிக்கு, வெள்ளி இரவு திறந்திருந்தது. கை நடுங்க நடுங்க மாற்றினேன். உறுதிக் கடிதம் வரும் வரை மூச்சு விடவில்லை. கணவரை எழுப்பிச் சொன்னபோது, “அம்மாகிட்ட இப்பவே சொல்லாத, அங்க போய்ப் பாக்கட்டும்” என்றார்.

அதே ஏழாம் நாள் காலை ஏழு மணிக்கு லைட்னிங் லேன் எடுக்கும் வேலையும் இருந்தது. 2024 ஜூலையில் முறை மாறியதிலிருந்து, டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் வரிசை குறைக்கும் அந்தச் சீட்டை ஏழு நாள் முன்பே எடுக்கலாம். வெளியே தங்கினால் மூன்று நாள் முன்புதான். ஜெர்சி வீக்கில் அந்த நான்கு நாள் பெரிய வித்தியாசம். உணவகங்களில் மேசை முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். தங்கும் எல்லா நாளுக்கும் அன்றைக்கே போட்டுவிடலாம்.

இனி அப்கிரேடு. ரிசப்ஷனில் சிரித்துப் பேசினால் கிடைக்கும், தேனிலவு என்று சொன்னால் கிடைக்கும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இல்லாத கல்யாண நாளைச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையாகவே பிறந்தநாள் என்றாலும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் தருவார்கள், வாழ்த்துவார்கள். நிறைந்த வாரத்தில் இலவசமாகப் பெரிய அறை கொடுக்க அவர்களிடம் அறை இருக்காது. அறை ஒதுக்கீட்டைப் பெரும்பாலும் நாம் வருவதற்குச் சில நாள் முன்பே அதற்கென இருக்கிறவர்கள் செய்துவிடுகிறார்கள். ஆகவே கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆன்லைன் செக்-இன் 60 நாள் முன்பே செய்யலாம், அதிலேயே விருப்பம் குறிக்க இடமுண்டு. டூரிங் பிளான்ஸ் என்ற தளத்தில் ஒவ்வோர் அறையின் ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று படமே எடுத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒரே ஒரு விருப்பம் குறித்தேன்: லிஃப்டுக்குப் பக்கம். நாலைந்து கேட்டால் எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

வெள்ளி காலை பாப் செஞ்சுரியில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு அனிமல் கிங்டம் பூங்காவுக்குப் போனோம். ஒரு டிஸ்னி ஓட்டலிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியை அவர்களே இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மாலைதான் கைக்கு வரும். அம்மாவின் பிரஷர் மாத்திரை, முழங்கால் தைலம், ஒரு மாற்றுச் சேலை எல்லாம் என் பையில் இருந்தன. இதை மறக்காதீர்கள்.

மதியம் மூன்று மணிக்கு லாட்ஜில் கொடுத்த அறை சவானா வியூதான். ஆனால் ஜீப்ரா டிரெயில் என்ற நீண்ட நடைக்கூடத்தின் கோடியில் இருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்ததும் பாதியிலேயே திரும்பி ரிசப்ஷனுக்குப் போனேன். குரலை உயர்த்தவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், இவருக்கு இவ்வளவு தூரம் முடியாது, இதே காட்சி கிட்டத்தில் இருந்தால் காத்திருக்கத் தயார் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் கணினியில் ஐந்து நிமிடம் தேடினார். ஒரு அறை சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள், நாலரை மணி ஆகும் என்றார். காத்திருந்தோம். லிஃப்டிலிருந்து ஆறாவது கதவு. நான் கேட்டு வாங்கிய அப்கிரேடு அதுதான்.

அன்று இரவு பக்கத்துக் கட்டடமான கிடானி வில்லேஜில் சனா உணவகம். ஆப்பிரிக்க-இந்தியச் சமையல். ‘நான்’ ரொட்டி, குல்ச்சா என ஐந்து வகை ரொட்டியும் ஒன்பது தொக்குச் சட்டினிகளும் ஒரே தட்டில் வரும். இரண்டு நாள் பொரித்த உருளைக்கிழங்கைப் பார்த்து முகம் சுளித்த அம்மா, கொத்தமல்லிச் சட்டினியை மட்டும் இரண்டு முறை வாங்கினார். லாட்ஜில் தங்காதவர்களும் இங்கே சாப்பிட வந்து ஜன்னல் வழியாக விலங்குகளைப் பார்க்கலாம். கையில் அவ்வளவு பணமில்லை என்றால் இதையாவது செய்யுங்கள்.

சனி விடியற்காலை விழித்தபோது அம்மாவின் கட்டில் காலி. பால்கனிக் கதவு திறந்திருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே, எண்பதடி தூரத்தில், ஆப்பிரிக்காவின் அங்கோலே மாடுகள் மூன்று. செம்பழுப்பு உடல், ஒவ்வொரு கொம்பும் ஆள் கை நீளத்துக்கும் மேல்.

“அம்மிணி, இங்க வா. இது கொம்பைப் பாரு. நம்ம மாட்டுக்கு உள்ள வளையும், இது வெளிய விரிஞ்சு கிடக்குது. தலை எப்படித்தான் தாங்குதோ.”

கணவர் போனில் தேடி, அந்தக் கொம்புகள் உள்ளே பொள்ளலாக இருக்கும், உடம்புச் சூட்டைத் தணிக்கவும் உதவும் என்று படித்துச் சொன்னார். அம்மா தலையை ஆட்டினார். பிறகு பேரனை மடியருகே நிறுத்தி, காங்கேயங் கன்று பிறக்கும்போது இப்படித்தான் செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாக மாறும் என்று சொல்லிக்கொடுத்தார். அவன் “அமுச்சி, அப்ப இது எப்ப மாறும்?” என்று கேட்டான். “இது மாறாதாட்ட இருக்குது சாமி” என்றார்.

அன்று கணவரும் மகனும் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் போனார்கள். அம்மா பால்கனியை விட்டு நகரவில்லை. அறையிலிருந்த காபி மெஷினில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நாங்கள் கொண்டுபோயிருந்த பொடியில் காபி கலந்து கொடுத்தேன். மேய்ப்பவர்கள் வண்டியில் தீவனம் கொண்டுவந்தபோது மட்டும் எழுந்து நின்று, என்ன போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்தோம். பெட்டிகளை ரிசப்ஷன் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு விமான நிலையப் பஸ் வரும் வரை கீழே விலங்கு பார்க்கும் மேட்டில் உட்கார்ந்தோம். அங்கே நின்ற வழிகாட்டியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார்: “இதுகளுக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணி காட்டுவாங்க?”